கட்டைவிரல் வைத்தியம்

என் மச்சான் கண் இமைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தபோது, சொந்தபந்தத்திலேயே அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எனக்கு நடந்ததையெல்லாம் படித்துவிட்டு, "இவனுக்கு நல்லா வேணும்" என்று யாராவது நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சென்னையில் மனை வாங்கி விற்கிறவர். அறுபதை நெருங்குகிற மனிதர். மகளின் நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மேல் இமையில் தொங்கின தோலை வெட்டி எடுத்து, புருவத்தையும் தூக்கித் தைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "போட்டோவுல தூங்குமூஞ்சியா தெரியக் கூடாதுப்பா" என்றார். கல்யாணப்பெண்கூட மஞ்சளோடும் மருதாணியோடும் நிறுத்திக்கொண்டாள். பெண்ணைப் பெற்ற அத்தாவோ கத்தி வரைக்கும் போய்விட்டார்.

திருக்கோவிலூர் மண்டபத்து வாசலில் நின்று அவர்தான் எல்லாரையும் வரவேற்றார். தூக்கித் தைத்த இறுக்கம் இன்னும் தளராததால் புருவம் இரண்டும் நெற்றியில் பாதி வரை ஏறி நின்றன. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ கெட்ட செய்தி கொண்டுவந்த மாதிரி, அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "பிரியாணி தீந்துபோச்சுன்னு யாரோ காதுல சொல்லிட்டாங்க போல" என்று நான் பந்தியில் சொன்னேன். அந்த வரிசையே சிரித்தது. அடுத்த வரிசைக்கும் அது போனது. கடைசியில் மச்சானிடமே போய்ச் சேர்ந்தது.

கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில்தான் என் மனைவி வாயைத் திறந்தாள். "எங்க அண்ணன் கண்ண பாத்து அவ்ளோ சிரிச்சீங்களே, உங்க கண்ணு எப்டி இருக்குதுன்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஆமாம், எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அத்தா ஆரம்பித்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, நானும் அதை வலியப்போய் விளக்கியதில்லை. சங்கராபுரத்திலிருந்தும் வெள்ளிமலையிலிருந்தும் பஸ் இறங்குகிறவர்கள் நேராகக் கடைக்கு வருவார்கள். வட்டமான இரும்புச் சட்டத்தை அவர்கள் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பவர் இவ்வளவு என்று சொல்லிவிடுவேன். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆங்கில E மாதிரி மூன்று கால் போட்ட கட்டங்கள் அச்சடித்த அட்டை உண்டு. கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று அவர்கள் கையால் காட்ட வேண்டும்.

இதில் எனக்கென்று ஒரு கைப்பழக்கம் இருந்தது. சட்டத்தை மாட்டியதும் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். சுருக்கிப் பார்த்தால் பவர் தப்பாக வரும். அதனால் நான் அவர்கள் நெற்றியில் கையை வைத்து, கட்டைவிரலால் புருவத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வேன். "நல்லா தொறங்க, கண்ணுன்னா தொறந்துதான் இருக்கணும்" என்பேன். கண் அகலமாகத் திறந்துகொள்ளும், அட்டை கடகடவென்று ஒப்பிக்கப்படும், என் வேலையும் சீக்கிரம் முடியும். முப்பது வருஷம் இதைச் செய்தேன். கைராசிக்காரன் என்று பேர் வேறு.

அந்தக் கைராசிக்கு மூன்று முறை தப்பாமல் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிமலைக்கு மேலே ஏதோ ஒரு சிற்றூர். என் வயதுதான் இருக்கும், கூட இரண்டு இருந்தாலும் இருக்கும். புளியமரம் குத்தகை எடுக்கிறவர்களிடம் வேலை. நீளமான துரட்டியை வைத்துக்கொண்டு, கீழே நின்றபடியே மரத்தில் எந்தக் கிளையில் பழம் இருக்கிறதென்று பார்த்து இழுக்க வேண்டும். முதல் முறை வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாய், நேரா பாத்தா தெரியுது. மேல பாத்தா மறைக்குது."

நான் கட்டைவிரலால் புருவத்தைத் தூக்கினேன். அட்டை முழுவதையும் கை காட்டினார். கொஞ்சம்போலப் பவர் வந்தது. கண்ணாடி போட்டு அனுப்பினேன்.

அடுத்த வருஷம் மறுபடியும் வந்தார். "அப்டியேதான் இருக்குது பாய். மறைக்குது." மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் எல்லாம் தெரிந்தது. வேறு கண்ணாடி. மூன்றாம் முறை, எட்டப் பார்க்க மேலேயும் கிட்டப் பார்க்கக் கீழேயும் இரண்டு பவர் சேர்ந்த கண்ணாடி கொடுத்தேன். அப்போது கொஞ்சம் சத்தமும் போட்டேன். "கடையில எல்லாம் கரெக்டா காட்டறீங்க, வூட்டுக்குப் போனா தெரியலன்றீங்க. ஒழுங்கா மாட்டறதில்ல, அதான்."  அந்த அம்மா கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். இந்த மலைக்காரர்களுக்குக் கண்ணாடி போடுவதும் ஒன்று, மாட்டுக்குப் போடுவதும் ஒன்று என்று, அவர் முதுகு மறையும் முன்னாலேயே நான் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன். சொன்னவன் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது.

இனி என் கண்ணுக்கு வருகிறேன். மச்சானின் மகள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தில் நான் என் பவரை மூன்று முறை மாற்றிக்கொண்டேன். எது போட்டாலும் சாயங்காலம் ஆனால் நெற்றி வலிக்கும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது என்னை அறியாமல் மோவாயைத் தூக்கிக்கொண்டு, மூக்கு நுனி வழியாக ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பாய்க்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சு. பாதி மூடிய கண்ணைப் பார்த்து வேறு மாதிரி சந்தேகப்பட்டவர்களும் உண்டு. தொழுகையைத் தவறவிடாதவனைப் பார்த்து, "பாய், இன்னிக்கு லேசா ஏத்திக்கினியா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். அவர் வாயைக் கிழித்திருப்பேன், ஆனால் அவர் நின்ற இடம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தேன். மீதிப் பாதி நெற்றியில் இடித்தது. மறுநாளும் அதே இடத்தில் இடித்தது. என் சொந்த ஷட்டர், முப்பது வருஷமாக அதே இடத்தில் இருக்கிற ஷட்டர். என் மனைவி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "ரெண்டு நாளு இடிச்சாச்சு. மூணாவது நாளு டாக்டர பாத்துடலாங்க" என்றாள். புரை விழுந்திருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அவளோடு புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான். புரை இல்லை என்றார். மேல் இமைத் தோல் மடிந்து கருவிழிக்குக் குறுக்கே தொங்குகிறது, புருவமும் சேர்ந்து இறங்கி அதை அழுத்துகிறது என்றார். "நீங்க நெத்திய சுருக்கி, புருவத்தை தூக்கிப் பிடிச்சிக்கிட்டே நாள் பூரா பாக்கறீங்க. அதான் சாயங்காலம் வலிக்குது" என்றார். மச்சானின் முகம் என் முன்னால் வந்து நின்றது. இல்லாத புரைக்காக அன்றைக்கு நான் ஏங்கிய மாதிரி வேறு யாரும் ஏங்கியிருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு சோதனை. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எப்போதெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அப்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் என் கண் இருக்கிறபடியே செய்யச் சொன்னார்கள். அடுத்து இமையை மேலே தூக்கி, நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, மறுபடியும் செய்யச் சொன்னார்கள். இரண்டு தாளும் வந்தன. முதல் தாளில், எனக்குப் புள்ளியே தெரியாத மேல் பாதி கறுப்பு. இரண்டாவதில் கறுப்பு ஓரமாக ஒதுங்கிவிட்டது.

"எதுக்கும்மா ரெண்டு தடவை?" என்று கேட்டேன்.

"தூக்கிப் புடிச்சு மட்டும் பாத்தா எல்லாருக்கும் எல்லாம் தெரியும் சார். அப்புறம் வியாதியே இல்லன்னு அனுப்பிடுவோம். தூக்காம ஒரு தடவை, தூக்கி ஒரு தடவை பாக்கணும்."

அந்தச் சின்னப் பெண் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தாளைப் பின் அடித்துக்கொண்டிருந்தார். நான் என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். மலையிலிருந்து மூன்று முறை இறங்கி வந்த அம்மாவின் புருவம் அதன் கீழே இருப்பது மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது, "கடை" என்று மட்டும் சொன்னேன். என்ன கடை என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நான் பயந்ததைத் தவிர. உட்கார வைத்துப் பேனாவால் இமையிலும் புருவத்துக்கு மேலேயும் கோடு போட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆனால் ஆள் விழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டுமாம். கத்தரி நறுக்குகிற சத்தம் கேட்டது, ரத்தத்தை நிறுத்தச் சுட்டபோது முடி கருகுகிற வாசனை வந்தது. நடுவில் நிமிர்த்தி உட்கார வைத்து, "கண்ணைத் தொறங்க, மூடுங்க" என்றார்கள். முப்பது வருஷம் மற்றவர்களை அதட்டிய நான், அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டுத் திறந்து மூடினேன்.

மூன்றாம் நாள் என் முகம் அழுகின கத்தரிக்காய் நிறத்தில் இருந்தபோது, மச்சான் வீடியோ காலில் வந்தார். நிதானமாக என்னைப் பார்த்தார். "இன்னா மாப்ள, பிரியாணி தீந்துபோச்சா?" என்றார். ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்த சிரிப்பில் போன் ஆடியது.

ஊர் திரும்பியதும் எல்லாரிடமும் புரை ஆபரேஷன் என்றுதான் சொன்னேன். மச்சானைப் பற்றி நான் அடித்த நக்கல் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பிரபலமாக இருந்தது, அதே நக்கலை நான் வாங்க முடியுமா? கடையிலிருந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. "பாய்க்குப் பத்து வயசு கம்மி ஆய்டுச்சு" என்றார்கள். தூரத்துப் பஸ்ஸின் போர்டை மோவாயைத் தூக்காமல் படித்தேன். ஷட்டரும் இடிக்கவில்லை. கடையில் ஆட்களின் கண்ணைச் சோதிக்கும்போது மட்டும் என் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போகும், நான் அதை இழுத்துக்கொள்வேன். அந்த அம்மாவைத் தேடிப் போக வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஊர் பேர் தெரியாதே என்று தினமும் ஒரு சாக்குச் சொன்னேன். வெள்ளிமலை பஸ்காரர்களைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

நான் போகவில்லை. அவர்தான் நான்காம் முறையாக வந்தார்.

கடையில் அப்போது பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும். அந்த அம்மா ஒரு துணி முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். மூன்று கண்ணாடிகளும் அதில் இருந்தன. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

"மூணையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்துட்டேன் பாய். போன வருசம் துரட்டி நழுவி தலையில வுழுந்துச்சு, எனக்கு தெரியவே இல்ல. கண்ணு போச்சு, இனிமே மரத்தாண்ட வராதன்னு புள்ள சொல்லிட்டான். இப்போ வூட்டாண்ட சாமை காயுது, அதுக்கு கோழி ஓட்டிகினு குந்திகினு இருக்கறேன். இந்த வருசமும் போவலன்னா அப்றம் யாரும் என்ன கூப்பிட மாட்டாங்க. கடைசியா ஒரு வாட்டி நல்லா பாத்து சொல்லு. குருடுன்னா குருடுன்னு சொல்லிடு. போய் கோழி ஓட்றேன்."

வெட்கக்கேடு என்னவென்றால், என் நாக்கு தன் பாட்டுக்குத் தயாராகிவிட்டது. புதுசாக ஒரு பவர் போட்டுப் பார்க்கலாம் என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதைச் சொன்னால் வாத்தியாருக்கும் ஒன்றும் தெரியாது, ஊருக்கும் தெரியாது, அந்த அம்மாவும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவார். அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றி முழுக்கச் சுருக்கம். புருவத்தைத் தூக்கித் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் அவரைக் கடை வாசலுக்குக் கூட்டிவந்தேன். எதிரே பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு செல்போன் டவர் இருக்கிறது. சட்டமும் வேண்டாம், வில்லையும் வேண்டாம் என்று, அவர் நெற்றியில் கை வைத்து, இரண்டு புருவத்தையும் இரண்டு கட்டைவிரலால் தூக்கினேன்.

"டவர் உச்சியில இன்னா இருக்குதும்மா?"

"காக்கா. ரெண்டு."

கையை எடுத்தேன். "இப்போ?"

"காக்காவும் இல்ல, உச்சியும் இல்ல."

மறுபடி தூக்கினேன். "இப்போ?"

"காக்கா பறக்குது."

கையை எடுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினேன். எனக்குப் புரை இல்லை, உங்களுக்கு இருக்கிற இதேதான் எனக்கும் இருந்தது, கண்ணுக்குள்ளே ஒன்றுமில்லை, மேலே இருக்கிற தோல்தான் மறைக்கிறது, இதற்குக் கண்ணாடி கிடையாது, மூன்று முறையும் நான் தூக்கிப் பிடித்துப் பார்த்ததால்தான் எனக்குப் புரியவில்லை, தப்பு என் பேரில்தான் என்றேன். வாத்தியாரும் மனைவியும் பெஞ்சிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். இனி பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தது.

அந்த அம்மா என் கையைப் பார்த்தார்.

"அப்போ நான் இத்தினி வருசமா வாங்கிகினு போனது கண்ணாடி இல்ல. உன் வெரலுதான் எனக்கு கண்ணாடி. அத இங்கயே வுட்டுட்டு போய்கினு இருந்திருக்கறேன்."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அப்படிக் கத்தாமல், விலை விசாரிக்கிற குரலில் சொன்னார். மூன்று கண்ணாடிகளையும் மேஜை மேலேயே விட்டுவிட்டு, தானே ஒரு விரலால் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு, பஸ் போர்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடி, மகனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரையும் மகனையும் அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இந்த முறை என்ன கடை என்று நானே சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இமையோடு புருவத்தையும் தூக்க வேண்டும், தழும்பு கொஞ்சம் தெரியும், பரவாயில்லையா என்று அந்த அம்மாவிடம் கேட்டார். "எனக்கு மூஞ்சி வேணாம்மா. புளியமரத்து உச்சி தெரியணும், அவ்ளோதான்" என்றார் அவர். அழகுக்காக அறுத்துக்கொண்ட மச்சானையும், அறுத்துக்கொண்டதை மறைத்த என்னையும் நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரில் யார் பெரிய முட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, அந்த வருஷம் புளி உலுக்க அவர் போனார் என்று மகன் போனில் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் என் பேர் "வெரல் டாக்டர்" ஆகியிருந்தது. ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்தால் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார்கள். வாத்தியார் நன்றாகத்தான் வேலை செய்திருந்தார்.

பருவம் முடிந்து ஒருநாள், வெயில் நேரத்தில், அந்த அம்மா கடைக்குள் வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, அவ்வளவுதான். புளியெல்லாம் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் வாங்க எனக்கு முகமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. புருவத்துக்கு மேலே மெல்லிசாக ஒரு கோடு, எனக்கிருப்பது மாதிரியே. தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தவர், சொம்பை இறக்கியும் முகத்தை இறக்கவில்லை. கடையின் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா?" என்றேன்.

"மேல பாரு. கயிறு மாதிரி ஒட்டட தொங்குது. உன் அட்டை மேலயே தொங்குது பாய்."

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று கால் கட்டங்கள் அச்சடித்த அட்டைக்கு மேலே, சுவர் முழுக்க, வருஷக்கணக்கான ஒட்டடை.

அவர் சொம்பை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று ஒரு முறை திரும்பினார்.

"எனக்கு முன்னாடியே உனக்கு அறுத்தாங்களே பாய்," என்றார், "நீ இன்னும் மேல பாக்கவே இல்லியா?"